ஏழாவது டேக்

பீ செய்வது என் வேலை.
சம்பளச் சீட்டில் 'கலைத்துறை உதவியாளர்' என்று இருக்கும்.
ஓட்ஸ் கஞ்சி, கோகோ, பேரீச்சைக் கூழ்,
மினுமினுப்புக்குக் கொஞ்சம் பாகு.
நிலக்கடலை கூடாது, கதாநாயகனுக்கு ஒவ்வாமை.
இயக்குநர் ஹம்ஃப்ரி ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு
"இன்னும் இளகலா, நெரிஸ்.
மூன்று நாள் பர்கர் மட்டும் தின்றவனை நினைத்துக்கொள்" என்றார்.
நினைத்துக்கொண்டேன்.
அரை லிட்டர் பால் சேர்த்தேன்.

கதை இவ்வளவுதான்:
நான்கு பையன்கள், ஒழுகும் கூடாரம் ஒன்று,
கன்னி கழியாமல் வீடு திரும்புவதில்லை என்றொரு சபதம்.
இசை விழாவுக்குப் போய் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்கமாட்டார்கள்.
எந்நேரமும் யாராவது வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.
அதுவும் நான்தான். பட்டாணி சூப், நறுக்கிய கேரட்.

கதையில் ஜூன் மாதம்.
ஹெர்ஃபோர்ட்ஷயரில், பிராஸரின் ஆட்டுப் பண்ணையில்,
நவம்பர்.
மூச்சு புகையாகத் தெரிந்துவிடக் கூடாதென்று
ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ஆளுக்கொரு ஐஸ் துண்டு வாயில்.
முந்நூறு துணை நடிகர்கள்,
கையில்லாச் சட்டை, காகிதப் பூ,
நீலம் பாரித்த முழங்கால்கள்.

வசனம் பதிவாகும்போது பாட்டு இருக்காது.
அரை நிமிடம் தாளத்தைக் கேட்கவிட்டுப் பிறகு நிறுத்திவிடுவார்கள்.
ஆட்டத்தை நிறுத்தக் கூடாது.
முந்நூறு பேர் சத்தமில்லாமல் கூச்சலிட்டார்கள்.
கைதட்டல்கள் கை சேருமுன்பே நின்றன.
சேறு பூட்ஸை உறிஞ்சும் ஓசை மட்டும்
சளக்
சளக்
வேலிக்கு அப்பால் ஆடுகள் மெல்லுவதை விட்டுவிட்டுப் பார்த்தன.
செவிடாகிப்போன கடவுளுக்கு
எல்லாத் திருவிழாவும் இப்படித்தான் தெரியுமோ என்னவோ.
எனக்கு அப்போது தோன்றியது அதுவல்ல.
மூத்திரம் முட்டியது.
எதிரே இருபது கழிப்பறைகள், இருபதும் பொய்,
உள்ளே என் சமையல்.

பதின்மூன்றாம் எண் பெட்டிக்குள் லாக்லன், இருபத்தொரு வயது.
நண்பர்கள் மூவர் தோள் கொடுத்துச் சாய்க்க வேண்டும்.
கதவு வானம் பார்க்க விழ வேண்டும்.
நீலமும் பழுப்பும் வழிய அவன் எழுந்து
கேமராவைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்,
இங்கே எழுத முடியாத இரண்டு.
ஆறு முறை விழுந்தான்.
ஆறு முறையும் குழாயடியில் கழுவி, போர்வை போர்த்தி,
டீ கொடுத்து, மறுபடி உள்ளே அடைத்தோம்.
ஒவ்வொரு முறையும் பல் கிட்டிக்கக் கேட்டான்:
"சிரிப்பு வந்ததா?"

ஏழாவதில் பெட்டி கதவுப் பக்கமாகக் கவிழ்ந்தது.

உள்ளிருந்து மூன்று தட்டு.
கூட்டம் சிரித்தது.
சிரிக்கச் சொல்லித்தானே கூலி.
மறுபடி மூன்று.
இன்னும் நன்றாகச் சிரித்தது.
ஹம்ஃப்ரி கையை உயர்த்தினார்,
நிறுத்த அல்ல, ஓடட்டும் என்று.
என் கையில் கரண்டி.
நானும் நின்றேன்.

பிராஸர்தான் வேலி தாண்டி வந்தார்.
ஆடுகிறவர்களை முழங்கையால் விலக்கி,
மல்லாந்து எழமுடியாத ஆட்டைப் புரட்டுவதுபோல
ஒரே நெம்பில் புரட்டினார்.
லாக்லன் எழுந்தான். மூக்கில் கோகோ.
அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான்,
எழுத்துப் பிசகாமல்.
கேமராவைப் பார்த்து அல்ல, ஹம்ஃப்ரியைப் பார்த்து.

மே மாதம் படம் வந்தது.
ரெக்ஸம் தியேட்டரில் அம்மாவோடு போனேன்.
ஏழாவதைத்தான் வைத்திருந்தார்கள்.
ஓரத்தில் இரண்டு நொடி, ஒரு தொப்பியாக, பிராஸர்.
தட்டலின் மேல் பாட்டை ஊற்றியிருந்தார்கள்.
முன்வரிசைப் பையன்கள் புரையேறப் புரையேறச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது.
தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி,
தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி,
மூன்று.

அம்மா பாப்கார்னைக் கீழே வைத்தாள்.
"அது நிஜம் மாதிரியே இருந்ததே" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.
"பேரீச்சை" என்றேன்.